சுரூபமும் மேலெழுத்தும்: நாவாட்டில் மரபு முகங்களைத் தாங்கிய வாழ்த்து அட்டைகள்

பண்டிகைக் காலங்களில் நாம் அனுப்பும் வாழ்த்து அட்டைகளை இறையியல் ஆய்வுக்குரிய பொருளாக எவரும் கருதுவதில்லை. அட்டையின் உட்புறத்தில் அச்சிடும் திருவசனத்தைத் தெரிந்தெடுப்பதில் போதகர்கள் காட்டும் கவனத்தை, முகப்பிலுள்ள படத்தைத் தெரிந்தெடுப்பதில் காட்டுவது அரிது. ஆயினும் அட்டையைப் பெறுகிறவர் முதலில் காண்பது படத்தையே. அப்படம் மலராகவோ மெழுகுவர்த்தியாகவோ இருக்கும்போது கேள்வி எதுவும் எழுவதில்லை. அது ஒரு மனிதனின் முகமாக இருக்குமாயின், நம் அன்பைச் சுமந்து செல்லும்படி நாம் பயன்படுத்தும் அந்த முகத்திற்கு நாம் எவ்வகையில் கடமைப்பட்டிருக்கிறோம் என்னும் கேள்வி எழுகிறது.

இக்கேள்வியைக் குறிப்பிட்ட ஒருவகை அட்டைகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மெக்சிகோ நாட்டின் நாவா மக்களுடைய முகங்களையும் கலைமரபையும் தழுவிய உருவப்படங்கள் பல நாடுகளில் வாழ்த்து அட்டைகளாக விற்கப்படுகின்றன. இறகுமுடி தரித்த வீரன், இரட்டைப் பின்னலுடன் பூக்கூடையின் முன் மண்டியிட்டிருக்கும் பெண், தாயின் முதுகில் துணியால் கட்டப்பட்ட குழந்தை ஆகியவை இவற்றில் அடிக்கடி வருபவை. நாவா மக்கள் என்போர் நாவாட்டில் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர். 1521-ஆம் ஆண்டில் ஸ்பானியரிடம் வீழ்ந்த ஆஸ்டெக் பேரரசின் மொழியும் அதுவே. அவ்வீழ்ச்சியோடு இம்மக்கள் மறைந்துவிட்டனர் என்று எண்ணுவோர் பலர். ஆனால் 2020-ஆம் ஆண்டின் மெக்சிகோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாவாட்டில் பேசுவோர் 16 இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். ஆகவே அட்டையில் நாம் காண்பது இறந்துபோன ஒரு நாகரிகத்தின் சின்னம் அன்று. உயிரோடிருக்கும் ஒரு மக்களினத்தின் முகம்.

1. வாழ்த்து அட்டையும் அதில் இடம்பெறும் முகமும்

வணிக நோக்கில் அச்சிடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது எனக் கூறுவது வழக்கம். ஹென்றி கோல் என்பவர் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியர் அதை வரைந்தார். ஏறத்தாழ 1,000 படிகள் அச்சிடப்பட்டு, ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. அதன் நடுவில் ஒரு குடும்பத்தார் கிண்ணங்களை உயர்த்தி வாழ்த்துகின்றனர். இருபக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள் உள்ளன. பெறுகிறவரின் பெயரையும் அனுப்புகிறவரின் பெயரையும் எழுத அந்த அட்டையில் இடம் விடப்பட்டிருந்தது. படத்திலுள்ள ஏழைகளுக்கோ பெயர் எதுவும் இல்லை. இவ்வமைப்பு இன்றுவரை நீடிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. வாழ்த்து அட்டையில் இருவருக்குப் பெயர் உண்டு. மூன்றாமவருக்கு முகம் மட்டுமே உண்டு.

நாவா மக்களின் முகம் இத்தகைய அச்சுப் படங்களுக்கு வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1910-இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சிக்குப்பின், நாட்டின் உண்மையான முகம் பூர்வகுடிகளின் முகமே என்னும் எண்ணம் ஓவியரிடையே வலுப்பெற்றது. 1920-களில் அரசின் ஆதரவுடன் பொதுக் கட்டடங்களின் சுவர்களில் பெரும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. தியேகோ ரிவேரா 1925-இல் வரைந்த ‘பூக்களின் நாள்’ போன்ற படங்கள் பூ சுமக்கும் பூர்வகுடியினரின் உருவத்தை உலகறியச் செய்தன. ஹெசூஸ் எல்கேரா என்னும் ஓவியர் 1940-இல் தீட்டிய எரிமலைக் கதை ஓவியம், ஆஸ்டெக் வீரனையும் இளவரசியையும் நாட்காட்டிகளின் வாயிலாக வீடுகள்தோறும் கொண்டுசென்றது. இவ்வாறு சுவரிலிருந்து நாட்காட்டிக்கும், பின்னர் அட்டைக்கும் இம்முகங்கள் இறங்கி வந்தன.

2. முகமும் இருதயமும்

இம்மக்களின் சொந்த மரபிலே முகம் என்பது எதைக் குறித்தது? நாவாட்டில் மொழியில் இரு சொற்களை இணைத்து மூன்றாவது பொருள் ஒன்றைச் சுட்டும் வழக்கம் உண்டு. கறுப்பு மை, சிவப்பு மை என்னும் இரு சொற்களின் சேர்க்கை எழுத்தையும் ஞானத்தையும் குறிக்கும். அதுபோலவே ‘இஷ்ட்லி’ (முகம்), ‘யோல்லோட்ல்’ (இருதயம்) என்னும் இரண்டும் சேர்ந்து ‘மனிதன்’ என்னும் முழுமையைக் குறிக்கும். மிகேல் லெயோன்-போர்த்தில்லா என்னும் மெக்சிகோ அறிஞர் 1956-இல் வெளியிட்ட நாவாட்டில் மெய்யியல் பற்றிய நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். அவரது விளக்கத்தின்படி, மனிதன் பிறக்கும்போதே நிறைவுற்ற முகத்தோடு பிறப்பதில்லை. ஞானியாகிய ஆசிரியர் மாணவனுக்கு முன்பாகக் கண்ணாடியைப் பிடித்து, அவன் தன் முகத்தைப் பெற்றுக்கொள்ளவும் இருதயம் உறுதிப்படவும் உதவுகிறார். நல்ல ஓவியனும் தன் இருதயத்தோடு உரையாடியே கைவேலையைத் தொடங்குகிறான்.

உருவத்தைக் குறிக்கும் ‘இஷிப்ட்லா’ என்னும் மற்றொரு சொல்லையும் நாம் அறிதல் வேண்டும். இதைப் படம் என்று மட்டும் மொழிபெயர்த்தல் போதாது. ஒருவருடைய இடத்தில் நின்று அவரை முன்னிலைப்படுத்தும் பிரதிநிதி என்பதே அதன் பொருள். தெய்வத்தின் சிலையும் இஷிப்ட்லா. தெய்வத்தின் அணிகளைத் தரித்த மனிதனும் இஷிப்ட்லா. பண்டைய கிழக்கு நாடுகளில் அரசனின் சிலை அவனது ஆளுகையைத் தூரதேசத்திலும் முன்னிலைப்படுத்தியது என்பதை ஆதியாகமம் 1:26-27-க்கான விளக்கவுரைகளில் மாணவர்கள் படித்திருப்பர். இரு பண்பாடுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. எனினும் சாயல் என்பது வெறும் தோற்ற ஒற்றுமையன்று, ஒருவகைப் பிரசன்னம் என்னும் எண்ணம் இரண்டிலும் காணப்படுகிறது.

இம்மரபைப் புகழுமிடத்து அதன் கொடுமையை மறைத்தல் நேர்மையாகாது. ‘தோஷ்காட்ல்’ என்னும் திருவிழாவுக்கெனச் சிறைப்பட்ட இளைஞன் ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டான். அவன் ஓராண்டுக் காலம் தெஸ்காத்லிபோகா என்னும் தெய்வத்தின் உருவமாக உடுத்தப்பட்டு, குழலூதக் கற்பிக்கப்பட்டு, வீதிகளில் வணங்கப்பட்டான். ஆண்டின் முடிவில் பலியிடப்பட்டு அவன் இருதயம் பிடுங்கி எடுக்கப்பட்டது. பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தெ சாகுன் நாவா முதியோரையும் மாணவரையும் கொண்டு தொகுத்த 12 பகுதிகளையுடைய பெருநூலில் இச்செய்தி உள்ளது. முகத்தைக் கொண்டாடிவிட்டு மனிதனையே இழக்கச் செய்வது எவ்வளவு எளிது என்பதை இது காட்டுகிறது. வேறு வகையில் பிற்காலத்தாரும் இத்தவற்றுக்கு உட்பட்டனர் என்பதைக் கீழே காண்போம்.

3. கடல் கடக்கச் செய்யப்பட்ட இறகு ஓவியம்

1521-க்குப்பின் வந்த அருட்பணியாளர்கள் இம்மக்களின் உருவங்களுக்கு இரங்கவில்லை. மெக்சிகோவின் முதல் பேராயரான ஹுவான் தெ சுமாராகா, 500-க்கும் மேற்பட்ட கோயில்களும் 20,000-க்கும் மேற்பட்ட விக்கிரகங்களும் அழிக்கப்பட்டதாக 1531-ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். ஆனால் அதே காலத்தில் வேறொரு வழியும் திறந்தது. 1523-இல் வந்த பெத்ரோ தெ காந்தே என்னும் பிரான்சிஸ்கன் சகோதரர், பூர்வகுடிகளுக்கென நிறுவிய பள்ளியில் வாசிப்பு, இசை ஆகியவற்றுடன் கைவினைகளையும் கற்பித்தார். நாவா மக்களிடையே ‘அமாந்தேக்கா’ எனப்பட்ட இறகு ஓவியர்கள் புகழ்பெற்றவர்கள். சாயமேற்றிய சாதாரண இறகுகளை அடித்தளமாக ஒட்டி, அதன்மேல் தேன்சிட்டு போன்ற பறவைகளின் அரிய இறகுகளைப் பதித்து, தூரிகை தொடாமலே ஒளிவீசும் படங்களை அவர்கள் ஆக்கினர். இதற்குரிய பசையை ஓர் ஆர்க்கிட் செடியின் கிழங்கிலிருந்து எடுத்தனர்.

1537-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் மூன்றாம் பவுல், அமெரிக்கப் பூர்வகுடிகள் மெய்யான மனிதரே என்றும், அவர்கள் விசுவாசத்தை ஏற்கும் தகுதியுடையோர் என்றும், அவர்களுடைய சுதந்தரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்றும் சாசனம் வெளியிட்டார். ஒரு மக்களினம் மனிதரா அல்லரா என்று தொலைவிலிருந்து தீர்ப்புக் கூறவேண்டிய நிலை இருந்தது என்பதே வெட்கத்திற்குரியது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1539-இல், மெக்சிகோ நகரில் அந்தப் போப்பாண்டவருக்கென ஓர் இறகு ஓவியம் உருவாக்கப்பட்டது. 68 சென்டிமீட்டர் உயரமும் 56 சென்டிமீட்டர் அகலமும் உடைய அப்பலகை இன்று பிரான்சு நாட்டின் ஓஷ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. போப்பாண்டவர் கிரகோரியார் திருப்பலி ஆற்றும்போது பாடுபட்ட கிறிஸ்து பீடத்தின்மேல் தோன்றும் காட்சி அதில் அமைக்கப்பட்டுள்ளது. இக்காட்சிக்குப் பின்னணியான இராப்போசனக் கொள்கை சீர்திருத்தச் சபையாராகிய நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அப்படத்தின் ஓரத்தைச் சுற்றி அமைந்துள்ள இலத்தீன் மேலெழுத்து நம் கவனத்திற்குரியது. அது பெறுகிறவரின் பெயரைக் கூறுகிறது. சகோதரர் பெத்ரோ தெ காந்தேயின் மேற்பார்வையில், ஆளுநர் தியேகோ என்பவரால் மெக்சிகோ மாநகரில் 1539-இல் அமைக்கப்பட்டதென்றும் கூறுகிறது. இந்தத் தியேகோ உவானிட்சின், ஸ்பானியர் வருகையின்போது ஆண்ட மொக்தேசுமா மன்னரின் உடன்பிறந்தாரின் மகன்.

பொருளளவில் இதை ஒரு வாழ்த்து அட்டை எனலாம். ஒரு படம், அனுப்புகிறவரின் பெயர், பெறுகிறவரின் பெயர், இடம், ஆண்டு ஆகிய அனைத்தும் இதில் உள்ளன. தாங்கள் மனிதரா என்று ஆராயப்பட்ட மக்கள், தங்கள் கைத்திறனாலும் தங்கள் தலைவரின் பெயராலும் விடையளித்தனர். ஆனால் இங்கும் ஒரு குறை உண்டு. ஒவ்வோர் இறகையும் தெரிந்து ஒட்டிய அமாந்தேக்கா கலைஞர் ஒருவருடைய பெயரும் அம்மேலெழுத்தில் இல்லை.

4. பெயரற்றுப்போன ஒரு முகம்

நான்கு நூற்றாண்டுகள் கடந்து, பெயரின்றிப் பரவிய ஒரு முகத்தின் வரலாற்றைக் காண்போம். லூஸ் ஹிமேனெஸ் என்னும் நாவா பெண் 1897-இல் மெக்சிகோ நகருக்குத் தெற்கேயுள்ள மில்பா ஆல்தாவில் பிறந்தார். நாவாட்டில் அவரது தாய்மொழி. பள்ளியில் ஆர்வத்துடன் பயின்ற அவர் ஆசிரியையாக விரும்பினார். புரட்சிப் போர் அவ்விருப்பத்தைக் குலைத்தது. 1916-இல் அரசுப் படையினர் மில்பா ஆல்தாவின் ஆடவர் பலரைக் கொன்றபோது அவர் தந்தையும் உயிரிழந்தார். எஞ்சிய பெண்கள் ஊரைவிட்டு வெளியேறினர். தலைநகருக்கு வந்த லூஸ், பிழைப்பிற்காக ஓவியர்களுக்கு மாதிரியாக அமரலானார்.

பெர்னாந்தோ லெயால், ழான் ஷார்லோ, ரிவேரா முதலியோர் அவரை வரைந்தனர். தீனா மொதோத்தி அவரையும் அவருடைய குழந்தையையும் ஒளிப்படம் எடுத்தார். மெக்சிகோ நகரின் பூங்கா ஒன்றில், இரு குடங்களை ஏந்தி நீர் வார்க்கும் பெண்ணாக 1927-ஆம் ஆண்டுமுதல் அவரது உருவம் நிற்கிறது. ரிவேராவின் முதல் சுவரோவியமாகிய ‘படைப்பு’ என்பதில், ‘விசுவாசம்’ என்னும் நற்பண்பின் உருவத்திற்கு அமர்ந்தவரும் அவரே. மெக்சிகோவில் மிகுதியாக வரையப்பட்ட பெண் என்று அவரைக் கூறுவர். ஆனால் அப்படங்களைக் கண்டோர் பலருக்கு அவர் ‘பூர்வகுடிப் பெண்’ அல்லது ‘தாயும் சேயும்’ மாத்திரமே.

அந்த முகத்திற்குப் பின்னாலிருந்த இருதயத்தை அறிந்தோர் சிலர். அவர் நாவாட்டில் மொழியின் தேர்ந்த கதைசொல்லி. மானிடவியலாரும் மொழியியலாரும் அவரிடம் அம்மொழியைக் கற்றனர். தம் ஊரின் பள்ளிவாழ்க்கை, சப்பாத்தா படையின் வருகை, 1916-இன் படுகொலை ஆகியவற்றை அவர் நாவாட்டில் மொழியில் எடுத்துரைக்க, பெர்னாந்தோ ஒர்காசீத்தாஸ் என்னும் அறிஞர் எழுதிக்கொண்டார். 1965-இல் லூஸ் வீதி விபத்தொன்றில் இறந்தார். அவரது நினைவுரை 1968-இல் நூலாகவும், அவர் கூறிய கதைகள் 1979-இல் மற்றொரு நூலாகவும் வெளிவந்தன. ஆசிரியையாக விரும்பியவர் இறந்தபின்னரே பலருக்கு ஆசிரியையானார். முகம் அவருடைய வாழ்நாளிலேயே பலவிடங்களிலும் பரவியது. குரல் நூலாக வெளிவர மூன்று ஆண்டுகள் பிந்திற்று.

வரைந்த ஓவியர்களைக் குற்றவாளிகளாக்குவது இங்கு நோக்கமன்று. அவமதிக்கப்பட்ட முகத்தை அவர்கள் மதிப்பிற்குரியதாக்கினர். ஷார்லோ, லூஸின் மகளுக்கு ஞானத்தந்தையாக நின்று அக்குடும்பத்தோடு நெடுங்கால நட்புக் கொண்டிருந்தார். குறை, படம் அச்சாகிக் கைமாறும்போது நிகழ்கிறது. பெரும்பாலும் அட்டையின் பின்புறம் ஓவியரின் பெயரும் அச்சகத்தாரின் பெயரும் காணப்படும். படத்தில் இருப்பவரின் பெயர் விடுபட்டுவிடும்.

5. நமது மரபின் குறை

இவ்வரலாற்றில் சீர்திருத்தச் சபைகளின் பங்கு யாது? உருவங்களைக் குறித்து நாம் எச்சரிக்கையுடையோர். இரண்டாம் கற்பனை நம் மரபில் ஆழப் பதிந்துள்ளது. ஆகவே நாவா மக்களிடம் சென்ற சீர்திருத்தச் சபை ஊழியர் எழுத்தையே முதன்மையாகக் கொண்டனர். கேமரன் டவுன்சென்ட் என்பவர் 1935-இல் தெத்தெல்சிங்கோ என்னும் நாவா ஊரில் குடியேறி அம்மொழியைக் கற்கலானார்; பின்வந்த ஆண்டுகளில் நாவாட்டிலின் பல வட்டார வழக்குகளில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. தங்கள் பேச்சிலேயே திருமறையைப் பெறுதல் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மக்களின் ஓவிய மரபோடு உரையாட நாம் போதிய முயற்சி எடுத்தோமா என்பது சிந்தனைக்குரியது. வணிக உலகம் சுரூபத்தை எடுத்துக்கொண்டு மேலெழுத்தை விட்டது. நாம் மேலெழுத்தைக் கொடுத்துச் சுரூபத்தைப் பற்றி வாளாவிருந்தோம்.

இதற்கிடையில் நாவா கலைஞர் தாமே பேசத் தொடங்கினர். கெர்ரேரோ மாநிலத்தின் பால்சாஸ் ஆற்றங்கரை ஊர்களிலுள்ள நாவா ஓவியர்கள், 1960-கள் முதல் ‘அமாத்தே’ என்னும் மரப்பட்டைத் தாளில் தங்கள் உழவையும் திருமணங்களையும் திருவிழாக்களையும் வரைந்து வருகின்றனர். 1990-களின் தொடக்கத்தில் அவர்களுடைய ஊர்களை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்தபோது, அவ்வோவியங்களிலேயே தங்கள் மறுப்பையும் தீட்டினர். அத்திட்டம் கைவிடப்பட்டது. இங்கே வரையப்பட்டவரும் வரைந்தவரும் ஒரே மக்கள்.

6. திருமறையின் ஒளியில்

வரிக்காசைப் பற்றிய விவாதத்தில் நம் ஆண்டவர் கேட்ட கேள்வியில் இரண்டு கூறுகள் உண்டு. காசிலுள்ள சுரூபம் யாருடையது என்பதோடு, மேலெழுத்து யாருடையது என்றும் அவர் கேட்டார் (மாற். 12:16). காசு இராயனின் சுரூபத்தைத் தாங்கியதுபோல் மனிதன் தேவனின் சாயலைத் தாங்குகிறான் என்று தெர்த்துல்லியன் முதலிய சபைப்பிதாக்கள் விளக்கினர். அவ்விளக்கத்தை நாம் ஒரு படி நீட்டலாம். தேவசாயலைத் தாங்கிய மனிதனுக்கு மேலெழுத்தும் உண்டு. அவனைப் பெயர்சொல்லி அழைத்ததாகக் கர்த்தர் கூறுகிறார் (ஏசா. 43:1). பெயரை நீக்கி முகத்தை மட்டும் புழங்கவிடுதல், மனிதனைக் கைமாறும் காசுக்கும் கீழாக்குவதாகும். காசிலாவது மேலெழுத்து இருக்கிறது.

சாமுவேல் ஈசாயின் குமாரரைப் பார்த்தபோது, மனிதர் முகத்தையும் கர்த்தர் இருதயத்தையும் பார்க்கின்றனர் என்று அறிவுறுத்தப்பட்டான் (1 சாமு. 16:7). நாவா முதியோர் மனிதனை எவ்விரு சொற்களால் குறித்தனரோ, அவையே இங்கும் நிற்கின்றன. பவுலும் கிறிஸ்துவின் முகத்திலுள்ள தேவமகிமையின் ஒளி நம் இருதயங்களில் உதித்ததாக எழுதுகிறார் (2 கொரி. 4:6). இதனால் இரு மரபுகளும் ஒன்றே என்று முடிவுசெய்தல் பிழை. ஒருவன் தன் முகத்தைப் பெற ஞானியின் கண்ணாடி போதும் என்று நாம் கூறமாட்டோம். கிறிஸ்துவின் முகத்தில் அதைப் பெறுகிறோம் என்றே அறிக்கையிடுகிறோம். ஆனால் முகத்தை இருதயத்தினின்று பிரிக்கலாகாது என்னும் பாடத்தை அவர்களிடமிருந்து கேட்பது நமக்கு நன்மையே.

வாழ்த்துதல் என்பதைப் பற்றியும் திருமறை பேசுகிறது. ஆரோனின் ஆசீர்வாதத்தில் கர்த்தரின் முகம் மக்கள்மேல் பிரகாசிக்கிறது, தொடர்ந்து, அவருடைய நாமம் அவர்கள்மேல் வைக்கப்படுகிறது (எண். 6:24-27). முகமும் நாமமும் அங்கே இணைந்துள்ளன. ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் பவுல், நாம் வேறெங்கும் அறியாத பலரைப் பெயர் குறித்து வாழ்த்துகிறார். அவருள் அடிமைகளும் இருந்திருக்கலாம். யோவானின் மூன்றாம் நிருபம், நண்பர்களைப் பேர்பேராக வாழ்த்தும்படி சொல்லி முடிகிறது. கிறிஸ்தவ வாழ்த்து பெயரற்றதாக இருத்தல் இயலாது.

7. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, இத்தகைய முகமுள்ள அட்டையை வாங்கும்போதும், திருச்சபை இதழ்களில் இப்படங்களை வெளியிடும்போதும், படத்திலிருப்பவர் யாரென விசாரித்தல் வேண்டும். பெயர் கிடைக்காவிடில் ஊரையும் மொழியையுமாவது குறிக்கலாம். இரண்டாவது, அம்மக்களின் ஓவியர்களே வரைந்த படங்களுக்கு முதலிடம் அளித்தல் நலம். மூன்றாவது, ‘ஆஸ்டெக்’ என்று தலைப்பிட்டு அவர்களைப் பழங்காலத்திற்குள் அடைத்துவிடாமல், இன்றும் நாவாட்டில் மொழியில் தேவனைத் துதிக்கும் சகோதர சகோதரிகள் இருப்பதை நம் சபைகளுக்கு நினைவூட்டவேண்டும்.

நம் கைக்கு வரும் ஓர் அட்டையில், இரட்டைப் பின்னலுடன் அமைதியாக அமர்ந்திருக்கும் அப்பெண்ணின் முகம் இருக்கக்கூடும். அது அவர்தான் என்று உறுதியாக அறிந்தால், வாழ்த்துரையின்கீழ் நம் பெயரை எழுதுமுன், படத்தின்கீழ் ‘லூஸ் ஹிமேனெஸ், மில்பா ஆல்தா’ என்று எழுதுவோமாக. அதைப் பெறுகிறவர் இவர் யாரென்று கேட்பார். அப்போது அவரைப் பற்றிச் சொல்ல நம்மிடம் செய்தி உண்டு.